டேப்புக்குக் காது கிடையாது

1971-இல் வெளிவந்த ‘வோன்ட் கெட் ஃபூல்டு அகெய்ன்’ பாடலை ‘தி ஹூ’ குழுவினர் அந்நாளில் மேடையில் வாசிக்கும்போது சிந்தசைசர் பகுதி டேப்பில் ஓடும். அடங்காத வாசிப்புக்குப் பேர்போன டிரம்மர் கீத் மூன், ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த டேப்புக்கு அடங்கி வாசிப்பார். ஏன்?

டேப் நிமிடத்துக்கு 120 தட்டு, டிரம்மர் 121 என்று வையுங்கள். ஒரு தட்டுக்கு வித்தியாசம் நாலு மில்லி செகண்டுதான், காதுக்கே எட்டாது. ஆனால் அரை நிமிடத்தில் அரைத் தட்டு விலகி, டேப்பின் இரண்டு தட்டுக்கு நட்டநடுவே டிரம் அடி விழும். கச்சேரி கந்தல்!

இன்று லேப்டாப்பிலிருந்து இரண்டு தடம் புறப்படும். இசை ரசிகர்களுக்கு, ‘டிக் டிக்’ என்ற கிளிக் டிரம்மர் காதுக்கு மட்டும். ஸ்பீக்கரில் கேட்டு வாசிக்கலாமே? பத்து மீட்டர் தள்ளியிருந்தால் சத்தம் வந்துசேரவே 29 மில்லி செகண்டு ஆகும். போதாததற்கு, அவர் அடிக்கிற அடியே அதை அமுக்கிவிடும்.

கம்ப்யூட்டரை டிரம்மர் பின்னால் ஓடவைக்கும் வழியும் உண்டு. கிக் டிரம்மில் ஒட்டிய சென்சார் ஒவ்வொரு அடியையும் சொல்ல, அடுத்தது எப்போது என்று மென்பொருள் ஊகிக்கும். நடுவில் டிரம்மர் ஓர் உருட்டு உருட்டினால் ஊகம் தடுமாறும். எனக்கென்னவோ, கிளிக்தான் மேல்.