காற்றில் நிற்கும் வண்டி

இமாசலப் பிரதேசத்தில் மணாலி என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்து லடாக்கில் உள்ள லே நகருக்கு ஒரு மலைச்சாலை போகிறது. 400 கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஆண்டில் பல மாதங்கள் பனி மூடிக் கிடக்கும்.

இந்தச் சாலையின் குறுக்கே ஓடைகள் பாய்கின்றன. அந்த ஊர் மக்கள் அவற்றை நாலா என்பார்கள். சில நாலாக்களுக்குப் பாலம் உண்டு. பாலம் இல்லாத இடத்தில் தண்ணீருக்குள் இறங்கித்தான் போக வேண்டும். அடியில் உருண்டைக் கற்கள் கிடக்கும். காலையில் தண்ணீர் குறைவு. வெயில் ஏற ஏறப் பனி உருகும். பிற்பகலில் அதே ஓடை பெருகிவிடும். அதனால் பழகிய ஓட்டுநர்கள் விடியற்காலையிலேயே கடந்துவிடுவார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் வண்டியின் வயிறு கல்லில் இடித்தால் என்ன ஆகும்? ஆயில் சம்ப் உடையும். எண்ணெய் ஒழுகும். எஞ்சின் கெட்டுவிடும். பக்கத்தில் பட்டறையும் இருக்காது.

தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் உள்ள இடைவெளியைக் கையால் அளந்து பார்க்கலாம். ஒரு சாண் என்பது சுமார் 22 சென்டிமீட்டர். ஊருக்குள் ஓடும் சாதாரணக் காருக்கு 16, 17 சென்டிமீட்டர்தான் இருக்கும். ஒரு சாண்கூட இல்லை. 1985இல் வந்த மாருதி ஜிப்ஸிக்கு 21 சென்டிமீட்டர். மலைச்சாலையில் அதற்கு நல்ல பெயர் கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பட்டையும் காற்றும்

ஜிப்ஸி, பழைய ஜீப் போன்ற வண்டிகளை இரும்புப் பட்டைகள் தாங்குகின்றன. லாரியில் பார்த்திருப்பீர்கள். பட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். இன்னொரு பட்டை சேர்த்தால் வண்டி உயரும். பலர் அப்படிச் செய்வதுண்டு.

ஆனால் இதில் ஓர் ஏமாற்றம் இருக்கிறது. பட்டையைக் கூட்டினால் மேலே உள்ள உடல்தான் உயரும். இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் அச்சு உயராது. அச்சின் நடுவில் பானை போல ஒரு பகுதி இருக்கிறதே, டிபரன்ஷியல், அதுவும் உயராது. கல்லில் முதலில் இடிப்பது அதுதான். அது உயர வேண்டுமானால் பெரிய டயர் போட வேண்டும். செலவு செய்து பட்டை கூட்டியவர்களில் பலர் இதை ஓடையில் இறங்கிய பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

இப்போது சில விலை உயர்ந்த நான்கு சக்கர இழுவை வண்டிகளில் இரும்பு ஸ்பிரிங்கே இல்லை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு ரப்பர்ப் பை இருக்கிறது. அதற்குள் காற்று. பட்டறையில் இதைப் பெல்லோ என்பார்கள். பலூன் என்றும் சொல்வார்கள். பெரிய சொகுசுப் பேருந்துகளிலும் இது உண்டு.

காற்று இவ்வளவு எடையைத் தாங்குமா? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வண்டியின் எடை 2,400 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மூலைக்கும் பங்கிட்டால் மூலைக்கு 600 கிலோ. பையில் உள்ள காற்றின் அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு என்று வையுங்கள். கார் டயரில் இருப்பதைப் போல மூன்று மடங்கு. 100 பவுண்டு என்றால் சுமார் 45 கிலோ. அதாவது ஒவ்வொரு சதுர அங்குல இடமும் 45 கிலோவைத் தூக்கும். 600 கிலோவைத் தூக்க 13, 14 சதுர அங்குலம் இருந்தால் போதும். அது எவ்வளவு இடம்? ஒரு பூரியின் அளவுதான்!

வண்டியில் ஒரு சின்ன கம்ப்ரஸர் இருக்கிறது. பஞ்சர் கடையில் இருப்பது போன்றதுதான். அது காற்றை அழுத்தி ஒரு தொட்டியில் சேர்த்து வைக்கும். ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்துவார். வால்வு திறக்கும். தொட்டியின் காற்று பைகளுக்குள் போகும். வண்டி எழுந்து நிற்கும். இறக்க வேண்டுமானால் காற்றை வெளியே விட்டால் போதும். ஒட்டகம் எழுவதும் உட்காருவதும் போல இருக்கும்.

எவ்வளவு உயர்ந்தது என்று யார் பார்ப்பது? ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் ஒரு சின்னக் கம்பி இருக்கிறது. சக்கரம் மேலே கீழே போனால் அந்தக் கம்பியும் அசையும். கம்பியின் மறுமுனையில் உள்ள கருவி அதை அளந்து கணினிக்குச் சொல்லும். ஒரு மூலை தாழ்ந்தால் கணினி அங்கே காற்றை அனுப்பும்.

லேண்ட் ரோவர் டிஃபெண்டர் என்ற வண்டி 2020இல் இந்தியாவுக்கு வந்தது. காற்றுப் பை வைத்த டிஃபெண்டர், வழக்கமான நிலையிலிருந்து 7.5 சென்டிமீட்டர் உயரும். அப்போது அதன் வயிற்றுக்குக் கீழே 29 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். ஒரு சாணுக்கும் மேலே நான்கு விரல் அளவு. இதில் டிபரன்ஷியல் உடலோடு சேர்ந்தது. ஆகவே அதுவும் கூடவே உயர்கிறது. ஆள் ஏறி இறங்குவதற்காக 5 சென்டிமீட்டர் தாழவும் செய்யும். வயதானவர்களுக்கு இது பெரிய உதவி.

எப்போதும் உயரத்திலேயே ஓட்டினால் என்ன?

கூரையில் மூட்டை ஏற்றிய பேருந்து வளைவில் எப்படிச் சாய்கிறது? வண்டி உயர்ந்தாலும் அப்படித்தான். எடை மேலே போகப் போகக் கவிழும் ஆபத்து கூடும். அதனால்தான் வேகம் கூடினால் இந்த வண்டிகள் தாமாகவே கீழே இறங்கிவிடுகின்றன. மணிக்கு 50 கிலோமீட்டர், 80 கிலோமீட்டர் என்று இந்த அளவு வண்டிக்கு வண்டி மாறும். உயரம் என்பது ஓடைக்கும் பாறைக்கும் மட்டும்தான். நெடுஞ்சாலைக்கு அல்ல.

சிலருக்கு இது போதவில்லை. அவர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். சக்கரத்தின் பக்கத்தில் உள்ள சின்னக் கம்பியைக் கழற்றிவிட்டு, வேறு நீளத்தில் ஒரு கம்பியை மாட்டுகிறார்கள். கணினி ஏமாந்துவிடும். வண்டி தாழ்ந்து கிடக்கிறது என்று நினைத்து மேலும் மேலும் காற்றை அனுப்பும். வண்டி எப்போதும் உயர்ந்தே நிற்கும்.

மலிவான வேலைதான். பலன்தான் மலிவாக இல்லை. சக்கரத்தைச் சுழற்றும் தண்டு கோணலாக நின்று சுழலும். அதன் ரப்பர் உறை கிழியும். மண் உள்ளே போகும். பிரேக் குழாய் இழுபடும். டயர் ஒரு பக்கம் தேயும். முகப்பு விளக்கு மேலே நோக்கும், எதிரே வருபவரின் கண் கூசும். மலைச்சாலையில் இரவில் கண் கூசினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சட்டமும் இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவு. தொழிற்சாலையில் செய்தபடி பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம். ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. வண்டியில் வந்த பொத்தானை அழுத்தி உயர்த்துவது குற்றமில்லை.

மலையில் இந்தக் காற்றுப் பைகளுக்கு வேறு சோதனைகளும் உண்டு. லே சாலையில் தக்லாங் லா என்ற கணவாய் 17,000 அடிக்கும் மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதிதான். மனிதருக்கு மூச்சு வாங்குவது போலக் கம்ப்ரஸருக்கும் மூச்சு வாங்கும். தொட்டி நிறைய அதிக நேரம் ஆகும். காற்றில் ஈரம் இருந்தால் குளிரில் உறைந்து வால்வை அடைக்கும். ஈரத்தை உறிஞ்ச ஒரு குப்பி வைத்திருப்பார்கள். அதை உரிய காலத்தில் மாற்ற வேண்டும்.

இரவில் நிறுத்திய வண்டி காலையில் ஒரு மூலை தாழ்ந்து நின்றால், அங்கே காற்று கசிகிறது என்று பொருள். சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் நுரை காட்டிக் கொடுக்கும். சைக்கிள் ட்யூபில் பஞ்சர் பார்க்கும் அதே வழிதான். இதைத் தள்ளிப்போடக் கூடாது. கசிந்த காற்றை ஈடு கட்டக் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியில் அதுவும் எரிந்துபோகும்.

வண்டிக்கு அடியில்

ஓடையைக் கடந்து கரையில் ஒரு வண்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக உயர்ந்து நிற்கிறது. உதவியாளர் குனிந்து பார்க்கிறார்.

“உஸ்தாத், அடியில ஒரு கல் மாட்டியிருக்கு. உள்ளே போய் எடுத்துடட்டுமா?”

“பொறு தம்பி. வண்டி எது மேல நிக்குது?”

“சக்கரத்து மேல, உஸ்தாத்.”

“சக்கரம் தரை மேல நிக்குது. வண்டி காத்து மேல நிக்குது. காத்து போயிட்டா?”

இந்தக் கேள்வி மிகவும் சரியானது. ஆள் படுத்தால் மார்பின் கனம் சுமார் ஒரு சாண் இருக்கும். உயர்ந்து நிற்கும்போது இடம் தாராளமாகத் தெரியும். ஒரு குழாய் விட்டுப்போனால் வண்டி இறங்கிவிடும். அப்போது ஒரு சாண்கூட மிஞ்சாது. மேலே இரண்டாயிரம் கிலோவுக்கும் அதிகமான எடை.

குழாய் விட வேண்டும் என்பதுகூட இல்லை. எஞ்சினை அணைத்த பிறகும் சில வண்டிகளில் கணினி தூங்குவதில்லை. சில மணி நேரத்துக்கு ஒரு முறை விழித்துப் பார்க்கும். ஒரு மூலை தாழ்ந்திருந்தால், மற்ற மூலைகளின் காற்றை விட்டுச் சமன் செய்யும். அடியில் ஆள் இருப்பது அதற்குத் தெரியாது.

டயர் மாற்றும்போதும் கவனம் தேவை. ஜாக்கி வைத்து ஒரு மூலையைத் தூக்கினால் சக்கரம் தொங்கும். வண்டி மிகவும் உயர்ந்துவிட்டது என்று கணினி நினைக்கும். அந்தப் பையின் காற்றை வெளியே விடும். வண்டி ஜாக்கியிலிருந்து நழுவலாம்.

ஆகவே முதலில் கட்டாந்தரையில் வண்டியை நிறுத்த வேண்டும். கைப்பிரேக் போட வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். பிறகு கணினி உயரத்தை மாற்றாதபடி நிறுத்தி வைக்க வேண்டும். இதற்கு ஜாக்கி நிலை, டயர் மாற்றும் நிலை என்று வண்டிக்கு வண்டி ஒரு பெயர் இருக்கும். வண்டியோடு வந்த கையேட்டில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். ஜாக்கியைக் கையேட்டில் காட்டிய இடத்தில்தான் வைக்க வேண்டும். அடியில் போக வேண்டிய வேலை என்றால் ஜாக்கி போதாது. இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, வண்டியின் எடை அதன் மேல் உட்கார்ந்த பிறகுதான் போக வேண்டும். மலைவழியில் ஸ்டாண்டு இல்லையா? அடியில் போகவே கூடாது. கல்லை நீளமான கம்பியால் தள்ளி எடுக்கலாம்.

வேலை முடிந்ததும் கருவிகளை எடுத்துவிட்டு, ஜாக்கியையும் இறக்கி எடுத்த பிறகு, கணினியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். வண்டி தன் உயரத்தைச் சரிசெய்ய ஓரிரு நிமிடம் ஆகலாம். உயரத்தைக் காட்டும் விளக்கு மினுக்குவது நிற்கும் வரை வண்டியை நகர்த்த வேண்டாம்.