மருந்தை வெல்லும் நொதிகள்

காஞ்சிபுரம் மாவட்டத்துச் சேரப்பணஞ்சேரியைச் சூழ்ந்த பகுதியில் இன்று தொழிற்சாலைகள் பல எழுந்துள்ளன. அவை தோன்றுதற்கு முன்னர், இப்பகுதி பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அம்மாவட்டத்தில் 1968-ஆம் ஆண்டு பி.சி.ஜி. தடுப்பூசியைப் பற்றிய பெரியதோர் ஆய்வு தொடங்கிற்று. வயது வந்தோருக்கு வரும் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்பது அதனால் புலனாயிற்று. மண்ணிலும் நீரிலும் வாழும், காசநோய்க் கிருமியின் உறவினங்களோடு மக்களின் உடல் முன்பே பழகியிருந்தமை இதற்கு ஒரு காரணமாகலாம் என அறிஞர் கருதினர்.

அவ்வுறவினங்களே காசநோய் சாரா மைக்கோபாக்டீரியங்கள் எனப்படுவன. அவை பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. ஆயினும், நலிந்த நுரையீரலிலும், தூய்மையற்ற நீர் பட்ட அறுவைப் புண்ணிலும் குடிபுகுந்து நெடுநாள் வருத்துவதுண்டு. அவற்றுள் மிகப் பொல்லாதது மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் என்பதாம்.

இதன் மேனியை மெழுகன்ன கொழுப்புறை ஒன்று மூடியுள்ளது. அதனைக் கடந்து உட்புகும் மருந்தை எதிர்கொள்வன நொதிகள். உயிரணுவினுள் வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் புரதங்களே நொதிகளாம். பீட்டா-லாக்டமேஸ் என்னும் நொதி, பெனிசிலின் இன மருந்துகளின் நாற்கோண வளையத்தைப் பிளந்துவிடும். மற்றொரு நொதி, காசநோய்க்குக் கைகண்ட மருந்தாகிய ரிஃபாம்பிசின்மீது வேறொரு மூலக்கூற்றை ஒட்டி, அதனைப் பயனற்றதாக்கும்.

இவ்விரண்டினும் வியப்புக்குரியது 2009-இல் விளக்கப்பெற்ற எர்ம்-41 என்பது. கிளாரித்ரோமைசின் என்னும் மருந்து, கிருமி தன் புரதங்களை ஆக்கும் ரைபோசோமைப் பற்றி, அவ்வேலையை நிறுத்துவது. எர்ம் நொதியோ மருந்தைத் தீண்டுவதேயில்லை. மருந்து பற்றும் இடத்தில் மீதைல் என்னும் சிறு தொகுதி ஒன்றைச் சேர்த்துவிடுகிறது. கள்ளன் கையில் திறவுகோல் இருப்பதறிந்த வீட்டுக்காரன், அவனோடு போராடாது பூட்டையே மாற்றினாற்போன்றது இது.

மருந்தைக் கண்ட பின்னரே இந்நொதி மிகுதியாக உண்டாகும். ஆதலின், ஆய்வுக்கூடத்தில் மூன்றாம் நாள் நோக்கின், கிருமி மருந்துக்கு அடங்கியது போலவே தோன்றும். பதினான்காம் நாளில் அதே மருந்தில் செழித்து வளர்ந்து நிற்கும். முதல் தோற்றத்தை நம்பி மருந்தளித்தால், நோயாளி திங்கள் பல கழிந்தும் நலம்பெறார். அதனாலேயே பதினான்கு நாள் பொறுத்துப் பார்த்தல் வேண்டுமென விதித்துள்ளனர்.

இக்கிருமியின் உள்ளினமாகிய மசிலியென்சில் எர்ம்-41 மரபணு குறைபட்டுக் கிடக்கிறது. ஆகவே, அங்கே கிளாரித்ரோமைசின் பெரும்பாலும் பயன் தருகிறது. கிருமியின் பெயரை அறிவதோடு அமையாது, அதன் மரபணுவையும் மருத்துவர் ஆராய்வது இதன்பொருட்டேயாகும்.