கினிப்பன்றிக்குப் பட்டினி மருந்தல்ல!

“ரெண்டு நாளா வாயே திறக்கல டாக்டர். வயித்துல வாயு சேர்ந்திருக்கும்னு எங்க மாமியார் சொல்றாங்க. கொஞ்சம் ஓமத் தண்ணி குடுக்கட்டுமா, இல்ல ஒருநாள் வயித்தைக் காயப் போடட்டுமா?”

குழந்தையைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தீர்களா? இல்லை. பையனின் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த கினிப்பன்றியைப் பற்றி! முயலும் இல்லாமல் எலியும் இல்லாமல் புசுபுசுவென்று இருக்கும் இந்தப் பிராணி இப்போது பல அடுக்குமாடி வீடுகளில் குடியேறிவிட்டது. குரைக்காது, கடிக்காது, பால்கனியில் ஒரு கூண்டு போதும் என்று வாங்கிவிடுகிறார்கள். ஆனால், அது சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்று விற்றவரும் சொல்வதில்லை, வாங்கியவரும் கேட்பதில்லை.

நான் மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கப் படித்தவன். பிராணிகளுக்கு வைத்தியம் பார்ப்பது கால்நடை மருத்துவர்களின் வேலை. இருந்தும் இதை எழுத ஒரு காரணம் உண்டு. எங்கள் வைத்தியத்தில் காலங்காலமாகச் சொல்லிவரும் ஒரு நல்ல விஷயம், இந்தச் சின்ன ஜீவனிடம் போய் எமனாக நிற்கிறது. ‘லங்கனம் பரம ஔஷதம்’ என்பார்கள். அதாவது, பட்டினியே பெரிய மருந்து. மனிதனுக்கு அஜீரணமா, ஒரு வேளை வயிற்றைக் காயப் போடு. அடுத்த வேளை கஞ்சி குடி. சரியான யோசனைதான். நானே தினமும் நாலு பேருக்குச் சொல்கிறேன். ஆனால், கினிப்பன்றிக்கு மட்டும் இதைச் செய்யவே கூடாது. பன்னிரண்டு மணி நேரம் அது எதையும் தொடவில்லை என்றால் ஆபத்து தொடங்கிவிட்டது. ஒரு முழு நாள் கடந்தால் உயிருக்கே உலை.

குடல் நின்றால் எல்லாம் நிற்கும்

ஏன் அப்படி? அதன் வயிற்றின் அமைப்பே வேறு. நமக்கு ஜீரணத்தின் பெரும்பகுதி இரைப்பையிலும் சிறுகுடலிலும் முடிந்துவிடும். கினிப்பன்றிக்குச் சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்குகிற இடத்தில் ‘சீக்கம்’ என்று ஒரு பெரிய பை இருக்கிறது. நமக்கும் அந்த இடத்தில் ஒரு பை உண்டு. ஆனால் சின்னது, பெரிதாக வேலை இல்லாதது. கினிப்பன்றிக்கோ வயிற்றில் பெரும்பாதியை அடைத்துக்கொண்டிருப்பது அந்தப் பைதான். தின்ற புல் அங்கேதான் போய் ஊறுகிறது. கோடிக்கணக்கான நல்ல கிருமிகள் அதைப் புளிக்க வைத்துச் சத்தாக மாற்றித் தருகின்றன. வீட்டில் இட்லி மாவு புளிக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்தப் பை ஓயாமல் வேலை செய்ய, மேலிருந்து ஓயாமல் நார்ச்சத்து வந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பிராணி விழித்திருக்கும் நேரமெல்லாம் எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கிறது. வரத்து நின்றால் குடலின் அசைவு நிற்கும். உள்ளே இருப்பது தேங்கும். நல்ல கிருமிகள் குறைந்து கெட்டவை பெருகும். காற்று அடைக்கும், வயிறு வலிக்கும். வலித்தால் சாப்பிடத் தோன்றுமா? சாப்பிடாததால் வலி, வலியால் சாப்பிடாமை என்று வட்டமாகச் சுற்றும். வாந்தி எடுத்து ஆறுதல் அடையவும் வழியில்லை. அதற்கு வாந்தி எடுக்கவே வராது. இன்னொரு பக்கம், சாப்பாடு இல்லாத உடம்பு தன் கொழுப்பையே கரைக்கத் தொடங்கும். அந்தக் கொழுப்பெல்லாம் போய் ஈரலில் படியும். கொழுகொழுவென்று இருக்கும் பிராணிதான் இதில் சீக்கிரம் விழுந்துவிடும். ‘நல்லா தேறித்தானே இருக்கு, ரெண்டு நாள் தாங்கும்’ என்று நினைப்பது அதனால்தான் தப்பு.

காரணம் எங்கே?

சாப்பிடாமை ஒரு நோயல்ல. வேறொரு நோயின் அறிவிப்பு. முதலில் சந்தேகப்பட வேண்டியது பல்லை. கினிப்பன்றிக்கு மொத்தம் 20 பற்கள். இருபதும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும்! புல்லை அரைத்து அரைத்துத்தான் அவை தேய வேண்டும். புல்லே போடாமல் கேரட்டும் பிஸ்கட்டும் கொடுத்து வளர்த்தால் கடைவாய்ப் பற்கள் வளைந்து வளர்ந்து, நாக்குக்கு மேலே பாலம் கட்டினாற்போல் மூடிவிடும். அப்போது அது ஆசையாக உணவருகே வரும், வாயில் எடுக்கும், கீழே போட்டுவிடும். தாடை எச்சிலால் நனைந்திருக்கும். முன்பல் நன்றாகத்தான் இருக்கிறது என்று நாம் ஏமாந்துவிடுவோம். உள்ளே இருப்பதைக் கருவி வைத்துப் பார்க்க டாக்டரால்தான் முடியும். நகவெட்டியை எடுத்துக்கொண்டு நீங்களே இறங்கிவிடாதீர்கள்.

அடுத்தது வைட்டமின் சி. இங்கே ஒரு வேடிக்கை. ஆடு, மாடு, நாய், பூனை எல்லாம் இந்தச் சத்தைத் தம் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். நம்மாலும் குரங்காலும் முடியாது. கினிப்பன்றியாலும் முடியாது. ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இரண்டு நார்வே விஞ்ஞானிகள் இதற்கு வெறும் தானியம் கொடுத்து வளர்த்தபோது, மாலுமிகளைக் கொன்ற அதே ஸ்கர்வி நோய் இதற்கும் வந்தது. அதை 1907-ல் எழுதினார்கள். வைட்டமின் சி கண்டுபிடிக்கப்பட்ட கதையில் இந்தக் குட்டிப் பிராணிக்குப் பெரிய பங்கு உண்டு. நமக்காக அது பட்ட பாட்டுக்கு, நம் வீட்டில் இருக்கும் ஒன்றுக்காவது அந்தச் சத்தை ஒழுங்காகக் கொடுக்க வேண்டாமா?

சத்து குறைந்தால் மூட்டு வீங்கும், நடக்கச் சுணங்கும், ஈறில் ரத்தம் கசியும், சாப்பாடு இறங்காது. ஆரோக்கியமாக இருக்கும்போதே கிலோ எடைக்குத் தினமும் 10 முதல் 30 மில்லிகிராம் தேவை. நோயில் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். அந்த அளவை டாக்டர் சொல்வார். ஒரு துண்டு குடைமிளகாய், ஒரு பிடி கொத்தமல்லித் தழை, எப்போதாவது சிறு துண்டு கொய்யா என்று தினப்படி கொடுத்து வந்தால் பிரச்னை இல்லை. பல கடைகளில் முயல் தீவனத்தையே ‘இதுக்கும் இதான் சார்’ என்று கொடுத்துவிடுகிறார்கள். முயல் வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்ளும் என்பதால் அந்தத் தீவனத்தில் அதைத் தனியாகச் சேர்ப்பதில்லை. குடிக்கிற தண்ணீரில் சொட்டு மருந்து கலப்பதும் வீண். கொஞ்ச நேரத்திலேயே வீரியம் போய்விடும்.

நம் ஊர் வெயிலும் ஒரு காரணம். பெரு, பொலிவியா பக்கம் ஆண்டிஸ் மலைக் குளிரில் பிறந்த வம்சம் இது. அங்கே பல ஆயிரம் வருடங்களாக வீட்டில் வளர்க்கிறார்கள், பெரும்பாலும் சாப்பிடத்தான்! முப்பது டிகிரியைத் தாண்டினாலே இதற்கு மூச்சு வாங்கும். அக்னி நட்சத்திரத்தில் மேற்கு பார்த்த பால்கனியில் கூண்டை வைத்தால் என்ன ஆகும்? படுத்துக்கொண்டு இரைத்தால் உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, காதிலும் பாதத்திலும் ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள்.

மூத்திரப் பையில் கல் இருந்தால் சிறுநீர் போகும்போது கீச்சென்று கத்தும், சிறுநீர் சிவக்கும். மூக்கில் ஒழுக்கும் கண்ணோரம் பொருக்கும் இருந்தால் நுரையீரல் சளி என்று சந்தேகப்படலாம். பெண் பிராணி என்றால் சினையாக இருக்கிறதா என்று பாருங்கள். பிரசவத்தை ஒட்டிச் சாப்பிடாமல் போவது மிகவும் ஆபத்து. இவை ஒன்றுமே இல்லாமல், கூட இருந்த ஜோடி செத்துப்போன துக்கத்திலும் சாப்பிடாமல் கிடக்கும். கூட்டமாக வாழ்கிற ஜாதி அது. சுவிட்சர்லாந்தில் 2008 முதல் கினிப்பன்றியைத் தனியாக வளர்க்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது

கூண்டின் தரையைப் பாருங்கள். நல்ல கினிப்பன்றி ஒரு நாளில் நூற்றுக்கும் மேல் புழுக்கை போடும். அது குறைந்து, சிறுத்து, காய்ந்து போயிருந்தால் குடல் மந்தமாகிவிட்டது என்று பொருள். பிறகு வயிற்றை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். மத்தளம் போல விறைத்திருந்தாலும், உடம்பு துவண்டு கிடந்தாலும், விழுங்க முடியாமல் இருந்தாலும் வாயில் எதையும் ஊட்ட வேண்டாம். ராத்திரியோ பகலோ, நேரே கால்நடை மருத்துவர்தான்.

அந்த அளவுக்குப் போகவில்லை என்றாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டியாக வேண்டும். போகும்வரை ஊட்டுவது உங்கள் வேலை. தாவர உண்ணிகளுக்கென்றே நோய்க்காலப் பொடி சில பிராணி மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால், அது வழக்கமாகத் தின்னும் கினிப்பன்றித் தீவனத்தையே வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, கட்டியில்லாமல் கூழாகக் குழைத்துக்கொள்ளுங்கள். ஊசியில்லாத ஒரு மில்லி சிரிஞ்ச் ஒன்று. பிராணியை ஒரு டவலில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மல்லாக்கப் போடவே கூடாது, புரையேறிவிடும். முன்பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் ஓர் இடைவெளி இருக்கும். அதன் வழியே அரை மில்லி விட்டு, அது மென்று விழுங்கும்வரை காத்திருந்து, பிறகு அடுத்த அரை மில்லி. முக்கால் கிலோ, ஒரு கிலோ எடையுள்ள பிராணிக்கு ஒரு வேளைக்குப் பத்து மில்லி போல. மூன்று, நான்கு மணிக்கு ஒருமுறை, இரவிலும். ஆமாம், அலாரம் வைத்து எழுந்திருக்கத்தான் வேண்டும். கைக்குழந்தைக்குச் செய்தவர்கள்தானே நாம்!

கைமருந்து வேண்டாம்

ஓமத் தண்ணீர், பெருங்காயம், கிரைப் வாட்டர், விளக்கெண்ணெய், நெல்லிக்காய் லேகியம்... இத்தனையும் கொடுக்கலாமா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். எதுவும் வேண்டாம். அறுபது கிலோ மனிதனுக்கு அளவு சொன்ன மருந்தை ஒரு கிலோகூட இல்லாத உடம்புக்கு எப்படி அளப்பது? அதன் வயிற்றுக்குள் இருக்கும் கிருமிகளை அது என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்? லேகியத்தில் இருக்கும் வெல்லமும் தேனுமே குடலைக் கெடுக்கப் போதும். பூண்டு, வெங்காயம் கூடாது. ‘பாவம், தயிர் சாதமாவது திங்கட்டுமே’ என்று வைப்பதும் கூடாது. பால் பொருட்கள் அதற்கு ஒத்துக்கொள்ளாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய அபாயம், வீட்டில் மிச்சமிருக்கும் ஆங்கில மருந்து. குழந்தைக்கு வாங்கிய அமாக்ஸிசிலின் சிரப்பில் ரெண்டு சொட்டு விட்டுப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பென்சிலின் வகை மருந்துகள் கினிப்பன்றிக்கு விஷம். சீக்கத்தில் இருக்கும் நல்ல கிருமிகளைக் கூண்டோடு அழித்து, நஞ்சு கக்கும் கிருமிகளை வளரவிட்டு, சில நாட்களில் ஆளை முடித்துவிடும். கினிப்பன்றிகளை அதிகம் பார்த்திராத டாக்டரிடம் போனால், “இதுக்குப் பென்சிலின் வகை ஆகாதாமே சார்?” என்று பணிவாகக் கேட்டுவிடுவதில் தப்பே இல்லை.

சித்த வைத்தியத்தில் நாங்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் ஒரு மூலிகையை மட்டும் இதற்குத் தாராளமாகக் கொடுக்கலாம். அருகம்புல்! மருந்தாக அல்ல, முழு உணவாக. சாறு பிழிய வேண்டாம். பிழிந்தால் அதற்குத் தேவையான நாரே போய்விடும். அப்படியே கத்தையாகப் போடுங்கள். நாய் நடமாடும் ரோட்டோரத்திலும், பூச்சிமருந்து அடித்த பூங்காவிலும் பறித்தது வேண்டாம். கழுவி, ஈரம் உலர்த்திப் போட்டால் நல்லது. அதன் சாப்பாட்டில் முக்கால் பங்குக்கு மேல் புல்லாகத்தான் இருக்க வேண்டும். கீரையிலும் பாலக்கை அடிக்கடி போடாதீர்கள். கல்லடைப்புக்காரர்களுக்கு நாங்கள் சொல்லும் அதே பத்தியம்தான்.

சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. தனியார் டாக்டர் என்றால் கினிப்பன்றியைப் பார்ப்பாரா என்று முன்னதாகவே போன் செய்து விசாரித்து நம்பரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது சாப்பிடாமல் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேடத் தொடங்கினால் நேரம் போய்விடும். டாக்டர் தோலுக்கடியில் நீர் ஏற்றுவார், வலிக்கு மருந்து தருவார், தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுப்பார். போகும்போது அன்றைய புழுக்கையில் கொஞ்சம் ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துப் போங்கள். எத்தனை மணியிலிருந்து சாப்பிடவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு சமையலறைத் தராசு ஒன்று கட்டாயம் தேவை. தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம், சந்தோஷமாகச் செய்வார்கள். புல்லும் தண்ணீரும் எப்போதும் முகத்துக்கு எதிரிலேயே இருக்கட்டும். தானாகப் புல்லைக் கடிக்கத் தொடங்கியதும் ஊட்டுவதை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். முதலில் ராத்திரி வேளையை விடுங்கள். எடை இறங்காமல் நின்று, புழுக்கை பழைய அளவுக்குத் திரும்பிய பிறகு, டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு சிரிஞ்சைக் கழுவி உள்ளே எடுத்து வைக்கலாம்.