திருமலைப் படியும் மனித நாடியும்

சித்தூரில் செவிலியர் கல்வி முதலாண்டு பயிலும் என் சித்தி மகள், தேர்வு நெருங்கும்போதெல்லாம் திருப்பதியிலிருக்கும் என்னைத் தேடி வந்துவிடுவாள். உடற்கூறும் உடலியங்கியலும் அவளுக்கு இரு பூதங்கள். இதயத்துக்கு அறைகள் நான்கு, வால்வுகள் நான்கு, அவற்றின் ஆங்கிலப் பெயர்கள் இன்னின்ன என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். "சரியம்மா, அந்த இதயம் ஒரு நிமிடத்தில் எவ்வளவு இரத்தத்தைத் தள்ளுகிறது?" என்று கேட்டால், "அது அடுத்த பாடம் அண்ணா" என்பாள். நானோ ஊர்விட்டு வந்து இங்கே இயற்பியல் முதுகலை படிப்பவன். எனக்குப் பெயர்கள் தெரியா; கணக்கு மட்டுமே தெரியும்.

கணக்கு எளியது, நண்பர்களே. ஓய்வாக இருக்கையில் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 70 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இடக் கீழறை சுமார் 70 மில்லிலிட்டர் இரத்தத்தைப் பெருந்தமனிக்குள் தள்ளுகிறது. பெருக்கினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர். நம் உடலில் உள்ள மொத்த இரத்தமே அவ்வளவுதான்! உண்ணும் உணவிலிருந்து கல்லீரல் இரத்தத்தை ஓயாமல் ஆக்குகிறது, உறுப்புகள் அதை ஓயாமல் தீர்க்கின்றன என்று கேலன் என்ற பழைய மருத்துவர் சொன்னதை ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் நம்பினர். 1628-இல் வில்லியம் ஹார்வி இத்தகைய பெருக்கல் ஒன்றைப் போட்டார். இவ்வளவு இரத்தத்தை எந்த உணவும் உண்டாக்க இயலாது. ஆகவே அதே இரத்தம்தான் சுற்றி வருகிறது என்று காட்டினார்.

சென்ற புரட்டாசியில் சித்தி காட்பாடியிலிருந்து வந்தார். நடந்தே மலையேறுவதாக நேர்த்திக்கடன். அலிபிரியிலிருந்து 3,550 படிகள். படியேறும்போது நாடி எப்படி உயர்கிறதென்று எண்ணிப் பார்க்கலாம் என்றாள் தங்கை. மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக மூன்று விரல்களை மெல்ல வைத்து, முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டுமாம். தன் பெருவிரலால் எண்ணக்கூடாது. அதற்கும் துடிப்பு உண்டாதலால் நம் நாடியையே எண்ணி ஏமாந்து போவோம்.

அடிவாரத்தில் எனக்கு 72. சித்திக்கு 104. பேருந்தில் வந்த களைப்பு என்றேன், பெரிய அறிஞனைப்போல! முந்நூறு படி ஏறியதும் எனக்கு 130. ஐந்து நிமிடம் உட்கார்ந்ததும் 90-க்கு இறங்கிவிட்டது. அதில் வியப்பில்லை. கால் தசைகள் பிராணவாயு கேட்கின்றன, இதயம் விரைகிறது, கேட்பது நின்றதும் தணிகிறது. சித்திக்கு 150. பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகும் 128.

தங்கை அவருடைய கீழிமையை விரலால் சற்றே இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது.

"அம்மா, இறங்கிவிடலாம்."

"சாமி காரியத்தைப் பாதியிலே விடறதா? நீ சும்மா இருடி" என்றார் சித்தி. மெதுவாக ஏறலாமே என்று நானும் ஒத்து ஊதினேன். அதை எண்ண இன்றும் வெட்கமாக இருக்கிறது. தங்கை அசையவில்லை. மூவரும் இறங்கினோம். மறுநாள் காட்பாடியில் இரத்தத்தைச் சோதித்தபோது ஹீமோகுளோபின் 100 மில்லிலிட்டருக்கு 7 கிராம். பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு.

இங்கேதான் என் கணக்கும் அவள் பாடமும் சந்தித்தன. ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லிலிட்டர் பிராணவாயுவைச் சுமக்கும். 14 கிராம் இருந்தால் 100 மில்லிலிட்டர் இரத்தம் ஏறக்குறைய 19 மில்லிலிட்டர் கொண்டு செல்லும். 7 கிராம் இருந்தால் அதில் பாதிதான். திருமலைக்கு ஓடும் பேருந்துகளில் பாதியை நிறுத்திவிட்டால் எஞ்சியவை இரட்டை நடை ஓட வேண்டாமா? சித்தியின் நுரையீரலில் குறையில்லை, காற்றிலும் குறையில்லை. சுமக்கும் வண்டிகள் குறைவு. அதனால் சும்மா இருக்கையிலேயே இதயம் ஓடிக்கொண்டிருந்தது. படி வேறு ஏறினால் அது என் செய்யும்? 2024-இல் திருமலை திருப்பதி தேவஸ்தானமும் முதியோரும் நாட்பட்ட நோயுள்ளோரும் நடந்து வருவதைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்டது. ஆனால் தமக்கு நோயிருப்பதை அறியாதவர் என்ன செய்வார்? சித்திக்கு வயது 44.

காரணம் பிறகே தெரிந்தது. இரண்டு ஆண்டுகளாக மாதவிலக்கில் மிகுதியான உதிரப்போக்கு. யாரிடமும் சொல்லவில்லை, பெற்ற மகளிடமும் சொல்லவில்லை. ஹீமோகுளோபினுக்கு இரும்பு வேண்டும். போகிற இரத்தத்தோடு இரும்பும் போய்விடுகிறது. போதாததற்குச் சோறு உண்டதும் தேநீர்! உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வதை அது தடுக்கும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. விடுதிப் படிக்கட்டில் மூச்சு வாங்கி நிற்கும் சகோதரிகள் ஒருமுறை கண்ணாடியில் கீழிமையைப் பார்த்துக்கொள்ளட்டும். ஐயமிருந்தால் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளட்டும்.

உதிரப்போக்குக்கு மருத்துவம் நடக்கிறது. இரும்பு மாத்திரையும் நாள்தோறும் நெல்லிக்காயும் உண்டு. சென்ற மாதம் 10.4. "பன்னிரண்டு ஆனால்தான் படி" என்று தங்கை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சித்தியோ ஞாயிறுதோறும் எனக்குத் தொலைபேசியில், "அவகிட்ட நீயாவது சொல்லுப்பா, பதினொண்ணு போதாதா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.