பத்து வயதில் நின்றுவிடும் கை

ஆறு வயதுக் குழந்தை அஞ்சாமல் படம் வரையும். பத்து வயதானதும், "எனக்கு வரைய வராது" என்று பென்சிலைக் கீழே வைத்துவிடும். நானும் அப்படி வைத்தவனே. காரணம் யாது? கை மழுங்கவில்லை, கண் கூர்மையடைந்துவிட்டது. கண்டதைக் கண்டபடியே வரைய மனம் விழைகிறது, வழிதான் தெரியவில்லை. ஏறக்குறைய ஒன்பது வயதில் தொடங்கும் இம்மாறுதலை, 1947-இல் வெளியான தம் நூலில் விக்டர் லோவன்ஃபெல்ட் என்னும் கலைக்கல்வி அறிஞர் விளக்கியுள்ளார்.

இப்பருவத்தினருக்குக் கரும்பலகை மாம்பழத்தைப் பார்த்து வரையும் பயிற்சி போதாது. பார்க்கவே கற்பிக்க வேண்டும். எங்கள் பள்ளிவாசல் தேயிலைத் தோட்டத்து லயமே அதற்குப் போதும். வரிசை வீடுகளின் கதவுகள் யாவும் ஒரே உயரம். ஒரு கண்ணை மூடி, கையை நேரே நீட்டி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் கட்டைவிரலால் அளக்கச் சொல்லுங்கள். இருமடங்கு தொலைவிலுள்ள கதவு பாதி உயரமாகவே தெரியும்! அளந்தபடி தாளில் குறித்தால், தட்டையாயிருந்த படத்தில் தொலைவு பிறக்கும்.

இது ஒளியியலின் எளிய விதி. இதை நான் கல்லூரியில்தான் கற்றேன். பத்து வயதிலேயே கற்றிருக்கலாம். விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்களே, ஒரு மாலையேனும் நம் தம்பி தங்கையருடன் லயத்து வாசலில் அமர்வோம். வராதது ஓவியமன்று, வழி காட்ட ஒருவரே என்பதை அவர்கள் உணரட்டும்.