பணி–வாழ்வுச் சமநிலை பற்றிய நேர்முகத் தேர்வுக் கேள்விகள்

பணி–வாழ்வுச் சமநிலை என்பது ஒருவர் தமது நேரத்தையும் உழைப்பையும் வேலைக்கும், குடும்பம், உடல்நலம், ஓய்வு ஆகிய சொந்தத் தேவைகளுக்கும் பகிர்ந்துகொள்ளும் முறையைக் குறிக்கும். இது பற்றிய கேள்விகள் நேர்முகத் தேர்வுகளில், குறிப்பாகத் தகவல் தொழில்நுட்பத் துறையில், கேட்கப்படுகின்றன. "எந்த நேரமும் வேலை செய்யத் தயார்" என்பதே பாதுகாப்பான பதில் என்று விண்ணப்பதாரர் பலர் கருதுகின்றனர். ஆனால் அந்தப் பதில், வேலையில் சேர்ந்த பிறகு காப்பாற்ற வேண்டிய வாக்குறுதியாகிவிடுகிறது. 60 அல்லது 90 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் விலக முடியாத நிறுவனங்களில் இதன் விளைவு இன்னும் கடுமையானது.

பின்னணி

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1919-ல் நிறைவேற்றிய முதல் உடன்படிக்கை, தொழிற்சாலை வேலையை நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என வரையறுத்தது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, இதே அளவைப் பொது விதியாகக் கொண்டுள்ளது. 2023 அக்டோபரில், இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று கூறியபோது நாடெங்கும் விவாதம் எழுந்தது.

சென்னை போன்ற நகரங்களில் இந்தக் கேள்விக்கு நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. சென்னை நேரம் நியூயார்க் நேரத்தைவிடக் கோடையில் 9½ மணியும் குளிர்காலத்தில் 10½ மணியும் முன்னால் உள்ளது. அங்கே காலை 10 மணிக்குத் தொடங்கும் கூட்டம் இங்கே இரவு 7.30 அல்லது 8.30 மணிக்கு நடக்கும். லண்டன் வாடிக்கையாளர் என்றால் அதே கூட்டம் பிற்பகலிலேயே நடக்கும். ஆகவே வாடிக்கையாளர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து ஊழியரின் மாலைப்பொழுது மாறுகிறது.

கேள்வியின் வகைகள்

1. பொதுக் கேள்வி: "வேலையையும் வீட்டையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" இது விண்ணப்பதாரரின் திட்டமிடும் பழக்கத்தை அறியக் கேட்கப்படுவது.

2. சூழ்நிலைக் கேள்வி: "வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு அவசர வேலை வந்தால் என்ன செய்வீர்கள்?" உண்மையான அவசரத்தையும் தள்ளிவைக்கக்கூடிய வேலையையும் பிரித்தறியும் திறனை இது சோதிக்கிறது.

3. ஒப்புதல் கேள்வி: "இரவு ஷிப்ட், வார இறுதி வேலை எல்லாம் சரிதானே?" இது நிபந்தனைக்குச் சம்மதம் பெறும் கேள்வி. எத்தனை நாள், எவ்வளவு காலம் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பின்னரே இதற்குப் பதில் சொல்வது நல்லது.

பதிலின் அமைப்பு

நல்ல பதிலில் மூன்று கூறுகள் இருக்கும்: வேலையைத் திட்டமிடும் முறை, நடந்த ஒரு நிகழ்வு, தம்மால் இயலும் எல்லை. எடுத்துக்காட்டாக, கணக்குப் பிரிவில் பணியாற்றிய ஒருவர் இவ்வாறு கூறலாம்: "முந்தைய அலுவலகத்தில் மாதக் கடைசி வாரத்தில் வேலை அதிகம். அந்த வாரம் தாமதமாக வருவேன் என்று வீட்டில் முன்பே சொல்லிவிடுவேன். மற்ற நாட்களில் முக்கியமான வேலையை மதியத்துக்குள் முடித்து, ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவேன். அவசரம் என்றால் இரவிலும் போனில் பேசலாம்."

முதல்முறை வேலை தேடுபவர், கல்லூரி இறுதியாண்டுத் திட்டப்பணியையும் தேர்வுகளையும் ஒரே நேரத்தில் சமாளித்த விதத்தைச் சொல்லலாம். "வேலைதான் என் வாழ்க்கை" போன்ற வாசகங்களும், முந்தைய மேலாளரைப் பற்றிய குறைகளும் பதிலை வலுவிழக்கச் செய்கின்றன.

மாற்ற முடியாத கட்டுப்பாடுகள்

நோயுற்ற பெற்றோரைக் கவனிப்பது போன்ற நிலையான பொறுப்பு உள்ளவர், அதைப் பணி நியமனத்தை ஏற்கும் முன்பே தெரிவிப்பது நல்லது. முழு விவரம் சொல்ல வேண்டியதில்லை. நேரத்தையும் மாற்று ஏற்பாட்டையும் சொன்னால் போதும். "செவ்வாய், வெள்ளி மாலைகளில் 5 மணிக்குக் கிளம்ப வேண்டியிருக்கும், அந்த நாட்களில் இரவு 9 மணிக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலையைத் தொடர முடியும்" என்பது தெளிவான பதில். இதனால் சில வாய்ப்புகள் கை நழுவலாம். ஆனால் அந்த இரண்டு மாலைகளை விட்டுத்தராத வேலையில் சேர்ந்தால், சிக்கல் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடும்.

சொந்த வாழ்க்கை பற்றிய கேள்விகள்

"எப்போது திருமணம்?", "குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்?" போன்ற கேள்விகள் பெரும்பாலும் பெண்களிடமே கேட்கப்படுகின்றன. ஒரே தன்மையுள்ள வேலைக்கு ஆள் எடுப்பதில் பாலினப் பாகுபாடு காட்டுவதை 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் தடை செய்தது. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இத்தடை உள்ளது. 2017-ல் செய்யப்பட்ட சட்டத்திருத்தம், முதல் இரு குழந்தைகளுக்கான மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியதுடன், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது.

இத்தகைய கேள்விக்குக் குடும்ப விவரம் தராமல், "இந்தப் பணிக்குரிய நேரத்திலும் பயணத்திலும் எனக்குத் தடை இல்லை" என்று, அது உண்மையாக இருக்கும்பட்சத்தில், பதில் கூறலாம்.

விண்ணப்பதாரர் கேட்க வேண்டியவை

தேர்வின் முடிவில் "ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?" என்பது வழக்கம். "இங்கே பணி–வாழ்வுச் சமநிலை எப்படி?" என்று கேட்டால் "நன்றாக இருக்கும்" என்ற பதிலே கிடைக்கும். எண்ணிச் சொல்லக்கூடியவற்றைக் கேட்பது பயன் தரும்:

- குழுவினர் வழக்கமாக எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள்?
- கடந்த மூன்று மாதங்களில் எத்தனை வார இறுதிகளில் வேலை இருந்தது?
- இரவு ஷிப்டுக்கு வண்டி வசதியும் படியும் உண்டா?

இவற்றை மனிதவளத் துறையினரைவிட, நேரடியாக வேலை வாங்கப்போகும் குழுத் தலைவரிடம் கேட்டால் துல்லியமான பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம். வாய்மொழியாக ஒப்புக்கொண்ட நேரச் சலுகைகளை மின்னஞ்சலிலோ நியமன ஆணையிலோ எழுதிப் பெற வேண்டும். குழுத் தலைவர் மாறினாலும், எழுத்தில் உள்ளதைப் புதியவரிடம் காட்ட முடியும்.