காய்ச்சலுக்குச் சர்க்கரை உருண்டை போதுமா?

பாரசிட்டமால் ஈரலைக் கெடுக்கும், இபுப்ரோஃபென் வயிற்றைப் புண்ணாக்கும் என்று பயந்து, காய்ச்சலுக்கு பெல்லடோனா, அடிபட்ட வலிக்கு ஆர்னிகா, மூட்டுவலிக்கு ரஸ்டாக்ஸ் என ஓமியோபதி உருண்டைகளுக்கு மாறுகிறவர்கள் பலர். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. பெரியவர்கள் ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் பாரசிட்டமால் விழுங்கினால் ஈரல் பழுதாகலாம். ஆனால் பக்க விளைவு இல்லை என்று ஒரு மருந்தைக் கையில் எடுக்கும்முன், அதற்கு விளைவாவது உண்டா என்று கேட்க வேண்டாமா? ஜெர்மானிய மருத்துவர் ஹானிமன் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய முறை இது. ‘பெல்லடோனா 30சி’ செய்ய, செடிச்சாறு ஒரு பங்குக்குச் சாராயமும் நீரும் 99 பங்கு கலந்து குலுக்குவார்கள். அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடியும் 99 பங்கில் கலப்பார்கள். இப்படி 30 தடவை. 12 தடவை தாண்டும்போதே செடியின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை. பிறகு சர்க்கரை உருண்டையில் ஏறுவது எது? சில தடவை மட்டுமே கலந்து செய்யும் ‘வீரியம் குறைந்த’ மருந்துகளில் மூலப்பொருள் இருக்கும். அப்போது ஆபத்தும் இருக்கும். பல் முளைக்கும் குழந்தைகளுக்கான சில ஓமியோபதி மாத்திரைகளில் பெல்லடோனாவின் நச்சுப்பொருள் தாறுமாறான அளவில் இருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் கண்டறிந்தது.

‘எனக்குக் கேட்டதே’ என்பார்கள். சாதாரண வைரஸ் காய்ச்சல் சில நாளில் தானாகவே இறங்கிவிடும். மூன்றாம் நாள் எதைச் சாப்பிட்டிருந்தாலும் அதற்குத்தான் பெயர் கிடைக்கும். கைக்குழந்தைக்கும் கேட்கிறதே என்றால், குழந்தையின் காய்ச்சலும் அப்படியே இறங்குவதுதான். தேறிவிட்டது என்று சொல்வதும் நம்பிக்கையோடு மருந்து கொடுத்த பெற்றோரே. அதனால்தான் யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் உருண்டை என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் சோதிக்கிறார்கள். அத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சி மன்றம், ஓமியோபதி பலன் தருகிறது என்பதற்கு எந்த நோயிலும் நம்பகமான சான்று இல்லை என்று 2015-இல் அறிவித்தது. நம் நாட்டில் அரசே அங்கீகரித்திருக்கிறதே என்பது நியாயமான கேள்வி. 1973-ஆம் ஆண்டுச் சட்டம் ஓமியோபதிப் படிப்பையும் மருத்துவர் பதிவையும் ஒழுங்குபடுத்தியது. இந்த உருண்டை இந்தக் காய்ச்சலைத் தணிக்கும் என்று அது சொல்லவில்லை. ஓமியோபதி மருத்துவர் பொறுமையாக உட்கார்ந்து கேட்பது நோயாளிக்குப் பெரிய ஆறுதல்தான். அந்தப் பொறுமை எல்லா மருத்துவரிடமும் கிடைக்க வேண்டும்.

மாத்திரைக்குப் பயப்படுகிறவருக்கு வழி, அளவறிந்து சாப்பிடுவது. இலேசான காய்ச்சலுக்கு ஓய்வும் கஞ்சியும் தண்ணீருமே பெரும்பாலும் போதும். குழந்தைக்குப் பாரசிட்டமால் கொடுத்தால் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். அடுத்த வேளைக்கு நான்கு மணி நேரமாவது இடைவெளி. சிரப்புகளின் அடர்த்தி ஒன்றுபோல இருக்காது. புட்டியில் அச்சிட்டிருப்பதைப் படித்து, மூடியோடு வரும் அளவுக் கோப்பையில்தான் ஊற்ற வேண்டும். ஜலதோஷ மாத்திரை பலவற்றிலும் பாரசிட்டமால் கலந்திருப்பதால், இரண்டையும் சேர்த்து விழுங்கினால் அளவு மீறிவிடும். டெங்கு சந்தேகம் இருந்தால் இபுப்ரோஃபெனும் ஆஸ்பிரினும் கூடவே கூடாது. ரத்தக்கசிவை அவை மோசமாக்கும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் கவனமாக இருக்க வேண்டிய நாள். உருண்டை வேலை செய்துவிட்டது என்று வீட்டார் நிம்மதியடையும் அந்த நேரத்தில் கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் தெரிந்தால், அடுத்த வேளைக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.